கரிச்சான் குரலுக்குக் கீழே

ஜூலை 2, புதன்

வேதியியல் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா என் நோட்டுகளை எடுத்தால் முன்பக்கத்தைத்தான் புரட்டுவாள். அங்கே சமன்பாடுகள் ஒழுங்காக இருக்கின்றன.

இன்று காலையும் என் பாட்டு பஸ்ஸில் ஓடியது. பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு அக்கா ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். இறங்கும்போது கண்டக்டர் குப்புராஜ் அண்ணனிடம், "யாருங்ண்ணா இதப் பண்ணுனது?" என்று கேட்டாள்.

"நம்ம பஸ்ஸுக்குன்னே ஒரு தம்பி பண்றானுங்க. ஆளக் கண்ணுல பாத்ததில்ல. ஆனா கைவேல சுத்தம்."

அந்தத் தம்பி நான்தான். சௌபர்ணிகா, பதினோராம் வகுப்பு. இதை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது.

பாட்டு முழுக்க என்னுடையது இல்லை. "கூடையிலே மேகம் கொண்டு" என்று தொடங்கும் பழைய பாட்டு. நான்கு நாள்கூட ஓடாத ஏதோ படமாம். அப்பாவின் பழைய கேசட் ஒன்றில் இருந்தது, இணையத்தில் எங்கு தேடியும் கிடையாது. அதை லேப்டாப்பில் ஏற்றி, இரண்டாவது சரணத்தை வெட்டிவிட்டு, அடியில் கனமான தாளம் கொடுத்து, நடுவில் ஒரே ஒருமுறை வருகிற வீணைத் துண்டைத் திரும்பத் திரும்ப வரும்படி ஒட்டினேன். லேப்டாப் அக்கா விட்டுப்போனது, அரசு கொடுத்தது. பேட்டரி செத்துவிட்டது, ஒயர் மாட்டினால்தான் உயிர். கேசட்டிலிருந்து ஏற்றும் ஒயரைப் பஸ்ஸில் பழுதானது என்று அப்பா கொண்டுவந்து போட்டிருந்தார். அதில் பழுது எதுவும் இல்லை. நன்றாகவே வேலை செய்தது.

தொடக்கத்தில் என் முத்திரை வரும். "கரிச்சான்! கரிச்சான்! டிஜே கரிச்சான்!" கரிச்சான் குருவியின் பெயரை வைத்துக்கொண்டு, என் குரலையே கனமாக்கி ஆண் குரல்போல மாற்றியிருக்கிறேன். எல்லா டிஜேக்களும் இப்படி முத்திரை வைப்பார்கள். இல்லாவிட்டால் அடுத்த பஸ்காரர் நகலெடுத்துத் தன் பஸ் பெயரைப் போட்டுக்கொள்வார். பாட்டின் ஆரம்பத்தில் வாத்தியம் எதுவும் இல்லாமல் யாரோ முனகுகிற ஒரு இடம் இருந்தது. காலியாக இருக்கிறதே என்று அதன் மேலேயே வைத்துவிட்டேன்.

பென் டிரைவை மூன்றாவது சீட்டின் அடியில், தகரம் விலகிய இடுக்கில் செருகிவிட்டு இறங்குவேன். குப்புராஜ் அண்ணன் பாட்டைத் தன் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, என்னுடையதை ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலத்தோடு அதே இடத்தில் திருப்பி வைப்பார். யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸை ஓட்டுவது அப்பாதான். அவர் தலைக்கு மேல் ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. ஆனால் அவர் ரோட்டைத்தான் பார்ப்பார்.

ஜூலை 4, வெள்ளி

தண்ணீர் வந்தது. ஏழு குடம் பிடித்தேன். கை வலியில் எழுத்து கோணுகிறது.

அம்மா இன்றும் அக்கா பேச்சை எடுத்தாள். அக்கா போன வருஷம் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு அம்மா வேலை செய்யும் நூல் மில்லில் எல்லோரும் அம்மாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். அதனால் எனக்கு போன் கிடையாது. "இந்த வீட்டுல இன்னொருத்தி பேரு ஊர் வாயில விழுந்துச்சுன்னு வெய்யி, அன்னைக்கே படிப்ப நிறுத்தி என்ற கூடவே மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்." அம்மா சும்மா மிரட்டுகிறவள் இல்லை. அக்காவின் துணிகளை ஒன்றுவிடாமல் கொடுத்துவிட்டாள்.

அப்பா சாயங்காலம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இழுத்துக் கொடுத்தார். "ராத்திரி படிக்கற புள்ளைக்கு டேபிள் லைட்டு வேணுமல்ல" என்று அம்மாவிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் டேபிள் லைட் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது என் வகுப்புத் தோழி சாஜிதா கரிச்சான் பாட்டைப் பற்றிப் பேசினாள். அவளுடைய பஸ்ஸிலும் ஓடுகிறதாம்.

"அடுத்தவங்க பாட்ட வெட்டி டமால் டுமீல்னு தாளம் போடறது திருட்டுதான்டி."

"உங்கக்கா பழைய சேலையில சுடிதார் தெச்சுப் போடறா. அது திருட்டா?"

"சேல எங்கம்மாளுது. பாட்டு யாருது?"

பாடியது யார், இசை யார் என்று நான் ஒருநாளும் தேடியதில்லை. சாஜிதாவின் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தின்றேன். "இதுதான் திருட்டு" என்றேன். சிரித்துவிட்டாள்.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

காலையில் வழியில் ஒருவர் ஏறினார். அறுபது வயது இருக்கும். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய சாமிப் படங்கள், கையில் குடை. குப்புராஜ் அண்ணன் பாட்டை மாற்றினார். என் பாட்டு வந்தது. முதலில் அந்த முனகல் லேசாகக் கேட்டது. பெரியவர் சடாரென்று எழுந்தார். உடனே "கரிச்சான்! கரிச்சான்!" என்று முத்திரை விழுந்தது. அவர் குடையால் கம்பியில் அடித்தார்.

"நிறுத்துய்யா! நிறுத்து!"

அப்பா பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சரிந்தோம்.

"ஏனுங், எறங்கோணுமா? இங்க ஸ்டாப் இல்லீங்களே" என்றார் குப்புராஜ் அண்ணன்.

"பஸ்ஸ இல்லய்யா, பாட்ட நிறுத்து!"

"சத்தம் ஜாஸ்திங்களா? கொறைக்கறனுங்."

"யார்ரா அந்தக் கரிச்சான்? அது என்ற அப்பா பாட்டு!"

பின் சீட்டிலிருந்து ஒருவர், "உங்கப்பா பாட்டா இருந்தா அவரையே ஏத்திட்டு வாங்க, நேர்லயே பாடட்டும்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெரியவரின் முகம் சிறுத்துப்போனது. அடிக்கப் போகிறவர் மாதிரி இல்லை, அடி வாங்கியவர் மாதிரி இருந்தார்.

பென் டிரைவைக் கொடு என்று கேட்டார். குப்புராஜ் அண்ணன் அதைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அதுல இருக்கற பாட்டு என்றதில்லீங்க. அடுத்தவன் பொருள நான் குடுக்க முடியாது."

"அடுத்தவன் பொருளா!" என்று கத்தினார் பெரியவர். "உனக்கே அது தெரியுதா!"

இறங்கும்போது பஸ் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டார்.

நான் மூன்றாவது சீட்டில் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

பஸ்ஸில் இன்று பாட்டு இல்லை. எல்லோரும் எல்லோருடைய இருமலையும் கேட்டுக்கொண்டு போனோம்.

ஜூலை 14, திங்கள்

புதுக் கண்டக்டர். எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிறார்.

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெரியவர் பெயர் சதாசிவம். தன் அப்பா போட்ட பாட்டை அனுமதி இல்லாமல் வெட்டி பஸ்ஸில் ஓட்டுகிறார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். பஸ் முதலாளி குப்புராஜ் அண்ணனைக் கூப்பிட்டு, கரிச்சான் யார் என்று சொன்னால் வேலைக்கு வா, இல்லாவிட்டால் வீட்டிலேயே இரு என்று அனுப்பிவிட்டார். அண்ணனின் மனைவி மாசமாக இருக்கிற நேரம்.

"அவன் தெரியாதுங்கறான்" என்றார் அப்பா. "தெரிஞ்சாலும் சொல்ற ஆளில்ல."

"எந்த வீட்டுப் பயலோ" என்றாள் அம்மா. "பெத்தவங்க கண்ணு முன்னாடியே நடந்திருக்கும், கவனிக்காம உட்டுருப்பாங்க."

"ம். ரசம் ஊத்து."

தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார் அப்பா. நான் அதை நொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அழித்தால் கரிச்சான் என்று ஒருவன் இருந்ததற்கே தடயம் இருக்காது. என் படிப்பு தப்பித்துவிடும். அழிக்கும் பட்டன்மீது விரலை வைத்தேன்.

பிறகு குப்புராஜ் அண்ணன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கரிச்சான் நான்தான் என்று அவருக்குத் தெரியாது, யாரோ தம்பி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அழிக்கவில்லை. கேசட்டை எடுத்துப் பார்த்தேன். அட்டையில் நீலப் பேனாவில் பாட்டுகளின் முதல் வரிகள் மட்டும் இருந்தன. யாருடைய பெயரும் இல்லை. அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். பாடத்துக்குக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏனுங்ப்பா, இதெல்லாம் கடையில வாங்குனதா?"

"இல்ல சாமி. அப்பெல்லாம் ரெக்கார்டிங் சென்டர்னு இருக்கும். காலி கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் குடுத்தம்னா, கடைக்காரர் இசைத்தட்டுல இருந்து பதிஞ்சு குடுப்பாரு. ஊரே அப்படித்தான் பாட்டுக் கேட்டுச்சு."

"அது திருட்டில்லீங்களா?"

"அப்படி யாரும் நெனைக்கல."

"பாட்டுப் போட்டவங்க?"

"அவிங்களையும் யாரும் நெனைக்கல."

நான் எழுந்தபோது அவர் பாட்டுக்குச் சொன்னார். "அந்தச் சதாசிவம் பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால போட்டோவுக்குப் பிரேம் போடற கடை வெச்சிருக்காராமா. சனிக்கெழமை மத்தியானம் வரைக்கும்தான் தொறப்பாராம்."

நான் அவரைப் பற்றி விசாரிக்கவே இல்லை.

ஜூலை 17, வியாழன்

வயிற்றுவலி என்று சொல்லி சனிக்கிழமை பிரேம் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். போகிறேன்.

ஜூலை 19, சனி

இன்று சிறப்பு வகுப்பு இருந்தது. லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக் கிளம்பினேன். புத்தகம் என்றுதான் வீட்டில் சொன்னேன். பஸ்ஸில் ஏறியதும் அப்பா, "பைய முன்னால இஞ்சின் பொட்டி மேல வெய்யி சாமி. ஒடையற சாமான்" என்றார்.

புத்தகம் எப்படி உடையும் என்று நான் கேட்கவில்லை.

வகுப்பு பாதியில் கிளம்பி பிரேம் கடைக்குப் போய்விட்டேன். சின்னக் கடை. ஒரு பக்கம் சாமிகள், இன்னொரு பக்கம் இறந்தவர்கள். எல்லோரும் கண்ணாடிக்குள். உள்சுவரில் ஆர்மோனியத்தோடு ஒருவர், வாடாத பிளாஸ்டிக் மாலை. அடியில் "மடத்துக்குளம் சிவஞானம், இசையமைப்பாளர்" என்று எழுதியிருந்தது. என் பாட்டுக்கு இசை போட்ட, அதுவரை எனக்குப் பெயர் தெரியாத ஆளை அப்படித்தான் முதலில் பார்த்தேன்.

"ஸ்கூல் குரூப் போட்டோவா? திங்கக்கெழமதான் கெடைக்கும்" என்றார் சதாசிவம், நிமிராமலே.

"இல்லீங்கய்யா. கரிச்சான்... அது நாந்தானுங்க."

நிமிர்ந்தார். என் சீருடையை, இரட்டைச் சடையைப் பார்த்தார். "உங்கண்ணன் அனுப்பிச்சானா? போலீசுக்குப் பயந்துட்டுப் பொட்டப்புள்ளயத் தள்ளி உட்டிருக்கானுகளா?"

"எனக்கு அண்ணன் இல்லீங்க. பிளக் எங்கிருக்குதுங்க?"

நம்பாமலேயே ஒயரை வாங்கி மாட்டினார். நான் என் வேலையைத் திறந்தேன். பாட்டு ஒரே துண்டாக இருக்காது. தாளம் ஒரு வரிசை, வீணை ஒரு வரிசை, பழைய பாட்டு ஒரு வரிசை, முத்திரை ஒரு வரிசை என்று ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒலிக்கவிட்டுக் காட்டினேன். நகலெடுத்தவனிடம் இப்படித் தனித்தனியாக இருக்காது. அவருக்கு அது புரிந்தது. நான்தான் என்று நம்பிவிட்டார். முகம் இன்னும் கடுமையானது.

"இது உன்ற குரலா? இந்தக் காட்டுக் கத்தல்?"

"ஆமாங்க. வேண்டாம்னா இப்படி ஊமையாக்கிரலாமுங்க."

முத்திரை வரிசையை ஊமையாக்கிவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். முனகல் மட்டும் வந்தது. ம்ம்... என்று மெல்ல ஏறி, ஒரு இடத்தில் நின்று, பிறகு இறங்கியது. இவ்வளவு தெளிவாக நானே கேட்டதில்லை.

சதாசிவம் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா போடு."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். போட்டேன். சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது என்ற அப்பா. பாடற அம்மாளுக்குச் சுதி எடுத்துக் குடுத்தாரு. அதுவும் சேந்து பதிவாயிருச்சு. மறுபடி எடுக்க அந்தப் படக் கம்பெனிக்கு வக்கில்ல, அப்படியே உட்டுட்டாங்க. அவரு கொரலு இந்த உலகத்துல இருக்கற ஒரே எடம் அதுதான். எங்க வீட்டு இசைத்தட்டு வெயில் பட்டு வளைஞ்சு போச்சு. அதுக்கப்பறம் எத்தன ஊரு தேடியிருப்பேன். அன்னைக்கு பஸ்ல ஏறுனேன். ம்ம்னு ஆரம்பிச்சாரு. உடனே உன்ற கரிச்சான் வந்து அவரு வாயப் பொத்திருச்சு."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. கடையில் நாற்காலி இல்லை.

"காலியா இருக்குன்னு நெனச்சு வெச்சுட்டேனுங்க."

"காலியா இருக்குன்னுதான் எல்லாரும் அடுத்தவன் எடத்துல வீடு கட்டறான்."

கேசட்டிலிருந்து ஏற்றிய முழுப் பாட்டையும், நான் தொடாததை, வேறொரு பென் டிரைவில் போட்டு மேசைமேல் வைத்தேன். புகாரைத் திரும்ப வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது அவருடையது என்று சொன்னேன். முத்திரையை எடுத்துவிடுகிறேன், அவர் அப்பா பெயரைப் போடுகிறேன் என்றும் சொன்னேன்.

"மொத்தத்தையும் அழிச்சுரு. அதச் சொல்லு."

"அழிக்க மாட்டேனுங்க."

எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"ஒரு மாச வேலைங்க அது."

"ஒரு மாசம்! இந்த ஒரு மெட்ட வெச்சுட்டு என்ற அப்பா ஏழு வருசம் கம்பெனி கம்பெனியா ஏறி எறங்குனாரு." மூச்சு வாங்கினார். "செரி, முழுசாப் போடு. என்னதான் கிழிச்சிருக்கன்னு பாப்போம்."

முழுவதும் கேட்டார். தாளம் வந்தபோது முகத்தைச் சுளித்தார். வீணை திரும்பத் திரும்ப வந்தபோது கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"இத ஏன் நொண்டியாட்டம் சுத்திச் சுத்தி வர வெக்கற?"

"அந்த எடந்தான் ரொம்ப நல்லாருக்குதுங்க. ஒரே ஒருக்காதான் வருது. பத்தலீங்க."

"பத்தலைன்னாத்தான் அது பாட்டு. பத்தற அளவுக்குப் போடறது சோறு."

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் பஸ்ஸில் விரலால் தாளம் போட்ட அந்த அக்காவுக்கு அது பத்தவில்லை, எனக்கும் பத்தவில்லை. அதுவும் பொய் இல்லை.

கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பேரில்லாம மறஞ்சுட்டுப் பண்ணுனா அதுக்குப் பேரு திருட்டு. அவரு பேரப் போடு, உன்ற பேரையும் போடு. கரிச்சான், காக்கான்னு இல்ல, பெத்தவங்க வெச்ச பேரு. அதே பஸ்ல ஓடோணும். திங்கக்கெழம காலைல பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். கேட்டனா, அந்தக் கண்டக்டர் பேர்ல குடுத்தத வாபஸ் வாங்கிக்கறேன். பாட்டு நல்லாருக்கா கேவலமா இருக்கான்னும் அப்பச் சொல்றேன்."

சௌபர்ணிகா என்று பஸ்ஸில் ஒலித்தால் ஊர் வாயில் விழுந்துவிடும். இந்த வட்டாரத்தில் அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் மாவு ஆட்டினேன், யூனிபார்ம் துவைத்தேன். எல்லாம் செய்துகொண்டே யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை என்று துணி பிழியும்போது தெரிந்தது.

அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் போர்வைக்குள் புகுந்து பதிவு செய்தேன். குரலைக் கனமாக்கவில்லை. "இசை, மடத்துக்குளம் சிவஞானம். வெட்டி ஒட்டியது, சௌபர்ணிகா, பதினோராம் வகுப்பு." முதல் பதிவில் குரல் நடுங்கியது. மறுபடி மறுபடி பேசியும் நடுக்கம் போகவில்லை. நடுங்குவதையே வைத்துக்கொண்டேன். முனகல் முடிந்து, தாளம் விழுவதற்கு முன்னால் வைத்தேன். அவர் முனகும்போது இனி யாரும் பேசக் கூடாது.

இரண்டாவது சரணத்தையும் திரும்பச் சேர்த்தேன். வீணையை மட்டும் மாற்றவில்லை.

ராத்திரி அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ம்மா, நாளைக்கு பஸ்ல எம் பேரு வரும்."

அம்மா திரும்பவில்லை. "யாரு பையன்?"

"பையன் இல்லீங்ம்மா, பாட்டு. கரிச்சான் பாட்டு நான் பண்ணுனது. எம் பேரச் சொல்லிப் போட்டாத்தான் குப்புராஜ் அண்ணனுக்கு வேல கெடைக்கும்."

"நான் என்ன சொல்லியிருக்கறேன் உங்கிட்ட?"

"பேரு ஊர் வாயில விழுந்தாப் படிப்ப நிறுத்திருவேன்னு."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதானுங்ம்மா சொல்றேன். அக்கா சொல்லாமப் போனா. நான் சொல்லிட்டுப் பண்றேன்."

தோசை கருகும் வாசனை வந்தது. அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டாள்.

அப்பா கருகிய தோசையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "இதுவே மொறுமொறுன்னு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலையில் அம்மா மில் வேனில் போகவில்லை. புடவை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். பஸ் வந்ததும் ஏறிப்போய் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டாப்பில் இருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அம்மா ஜன்னல் வழியாக நேராகப் பார்த்தாள்.

புதுக் கண்டக்டர் பாட்டைத் தொடப் பயந்தார். பென் டிரைவை அப்பாவே வாங்கிச் செருகினார். முனகல் தொடங்கியது. அப்பா கியர் போடவில்லை. அது முடியும் வரை வண்டி நின்றே இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "ஏனுங் டிரைவரே, தூங்கிட்டீங்களா?" என்றார். அப்பா ஒரு கையைத் தூக்கி இரு என்று காட்டினார்.

பிறகு என் குரல். பஸ் அப்போது கிளம்பிக் குலுங்கியதால் பாதி காதில் விழவில்லை. "இசை, மடத்துக்குளம்..." வரை சரியாகக் கேட்டது. அப்புறம் "சௌப... வகுப்பு" என்றுதான் கேட்டது. முன்சீட்டு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "சௌந்தர்யாவா? யாரோட ஓடிப்போயிருச்சாமா?" என்று கேட்டாள்.

அம்மா எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டு வரை நடந்தாள்.

"ஏனுங், அத மொதல்ல இருந்து போடுங்க. சத்தத்தக் கூட்டி வெய்யுங்க."

அப்பா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"பேரு வருதுன்னு ஆயிப்போச்சு. வந்தாத் தெளிவா வரட்டும். அரகொறயாக் கேட்டாத்தான் கத கட்டுவாங்க." முன்சீட்டு அம்மாள் பக்கம் திரும்பினாள். "சௌந்தர்யா இல்லீங்க, சௌபர்ணிகா. என்ற புள்ள. யாரோடயும் ஓடல. அதா, ரெட்டச் சடையப் போட்டுட்டு முழிச்சுட்டு உக்காந்திருக்குது பாருங்க."

மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. முழுச் சத்தத்தில். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் சதாசிவம் குடையோடு நின்றிருந்தார். அப்பா இஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டை மூன்றாவது முறை போட்டார். சதாசிவம் படிக்கட்டில் ஒரு கால் வைத்துக் கடைசி வரை கேட்டார். முனகலின்போது கண்ணை மூடியிருந்தார். என் பெயர் வந்தபோது திறந்தார்.

"தாளம் கேவலமா இருக்கு" என்றார். "வீணைய இன்னும் நொண்டியடிக்க வெச்சிருக்க."

"ஆமாங்க."

"திமிரப் பாரு." குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "போலீஸ் ஸ்டேசன் எப்பத் தொறப்பாங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"அது சாத்தறதே இல்லீங்க" என்றார் அப்பா.

அம்மா மில்லுக்குப் போகிற பஸ் எது என்று என்னிடம் விசாரித்தாள். ஏறும்போது, "லேட்டாப் போனா அரநாள் சம்பளம் கட்டு. உன்னாலதான்" என்றாள். படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நேராகப் பள்ளிக்குப் போனேன்.

ஜூலை 24, வியாழன்

குப்புராஜ் அண்ணன் வந்துவிட்டார். எனக்கு டிக்கெட் கொடுக்கும்போது, "தம்பி..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாப்பா, இத்தன நாளா கரிச்சானப் பத்தி என்னென்னமோ கற்பன பண்ணி வெச்சிருந்தேன். மீசையெல்லாம் வெச்சு" என்றார். தேன்மிட்டாயை இனிமேல் கையிலேயே கொடுப்பாராம்.

ஜூலை 28, திங்கள்

சாஜிதா சொன்னாள், அவளுடைய பஸ்ஸில் என் பாட்டின் புதுப் பதிப்பு ஓடுகிறதாம். சாயங்காலம் அந்த பஸ் நின்றபோது படியருகே போய்க் கேட்டேன். சிவஞானத்தின் முனகல் அப்படியே முழுதாக வருகிறது. அவர் பெயரும் வருகிறது. என் பெயர் வரவேண்டிய இடத்தில் "டிஜே சுனாமி! டிஜே சுனாமி!" என்று ஒருவன் கத்துகிறான். அடியில் என் குரல் கொஞ்சம் கேட்கிறது. கவனித்துக் கேட்டால்தான் தெரியும்.

சதாசிவம் அன்று கம்பியில் குடையால் அடித்தபோது அவருக்கு எங்கே வலித்தது என்று இப்போது எனக்குச் சரியாகத் தெரிகிறது.

பக்கத்தில் நின்ற சாஜிதா கேட்டாள், "உன்றதத் திருடிட்டாங்கன்னு சொல்வியா? நீ பண்ணுனது என்ன?" நான் செய்தது என்ன என்று அவளிடம் முழுவதும் சொன்னேன். முதல் முத்திரையை எதன்மேல் வைத்தேன் என்பதையும் சேர்த்து. பிறகு அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதையும். இரண்டையும் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு என்ற பஸ்ல வா" என்றாள்.

நாளை காலை அந்த பஸ்ஸில்தான் ஏறப்போகிறேன். சுனாமி கத்துகிற இடம் வந்ததும் எழுந்து நிற்பேன். எல்லோரும் சிரிக்கலாம். ஆனாலும் பாட்டை நிறுத்தச் சொல்வேன்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா, அந்த பஸ் டிரைவர் தனக்குத் தெரிந்தவர்தான், ஆனால் தான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை என்றார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"கொடைய எடுத்துட்டுப் போ. கம்பியில நல்லா ஓங்கித் தட்டு, அப்பத்தான் திரும்பிப் பாப்பாங்க."